பின்தெரு வரைக்கும் சரிவு

உத்திரமேரூர் ஏகாம்பரம் மேஸ்திரி, தினேஷ்குமார் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். தினேஷ் தன் பைக் பட்டறையைக் கட்டப்போகும் மேட்டிலிருந்து பின்தெரு வரைக்கும் நாலடிச் சரிவு.

"மேட்ட வெட்டிப் பள்ளத்துல கொட்டி, மொத்தத்தையும் மட்டம் பண்ணிட்டு அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுத்துடலாம்பா."

"பட்டறை நிக்கற எடத்த மட்டும் மட்டம் பண்ணுங்க மேஸ்திரி. அதுக்கு முன்னாடி தெரு வரைக்கும் சரிவு அப்டியே இருக்கட்டும்."

"வாஸ்துக்காரன் எவனாச்சும் சொன்னானா?"

"இல்ல."

"மழைத்தண்ணி ஓடறதுக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குப்பா? பாக்கறவன் மட்டம் தெரியாத மேஸ்திரின்னு என் மூஞ்சில காறித் துப்புவான். காரணத்தச் சொல்லு, இல்ல வேற ஆளப் பாத்துக்கோ!"

தினேஷ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்த பைக்கு எதுனா தள்ளாம ஸ்டார்ட் ஆயிருக்குதா மேஸ்திரி? சரிவு இருந்துச்சின்னா உருண்டுகினே ஸ்டார்ட் ஆயிடும். கஸ்டமரும் திட்ட மாட்டான்."

மேஸ்திரி சட்டென்று திரும்பினார். காலையில்தான் தினேஷ் சர்வீஸ் முடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த தன் பைக்கைத் தேடினார்.

அது மேட்டின் உச்சியில், தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தது.