நிரஞ்சன் திரும்பும் பக்கம்

வீடியோ கேம் உருவாக்கிய நிரஞ்சனைப் பற்றிய அந்த ஆவணப்படம், பார்ப்பவர்கள் கருத்து எழுத எழுதத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ரகம். அவர் இறந்த பிறகு அவர் மனைவி, எழுபது வயது யாழினி, தினமும் அதைப் போட்டுப் பார்த்தாள். பேட்டியில் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் திரையின் இடப்பக்கம் திரும்பி, படப்பிடிப்பன்று அங்கே உட்கார்ந்திருந்த அவளை ஒரு தடவை பார்ப்பார். அதற்காகவே டிவிக்கு இடப்பக்கமாக நாற்காலியைப் போட்டிருந்தாள்.

இன்று அவர் திரும்பவே இல்லை. கேள்வி முடிந்ததும் கடகடவென்று பதில் வந்தது.

“இனியா, அப்பா என்னைப் பாக்கவே மாட்டேங்கறாருடி.”

மகள் கருத்துகளைப் படித்தாள். “‘ஜவ்வா இழுக்குது’ன்னு ஊர்ப்பட்ட பேர் எழுதியிருக்காங்கம்மா. அதான் படம் அந்த இடத்தை வெட்டிடுச்சு. பழசு திரும்ப வராது. நீ கேட்டா புதுசா ஏதாவது போடும்.”

‘பேசுவதற்கு முன் மனைவியைப் பார்க்கட்டும்’ என்று யாழினி எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் படம் மாறியது. நிரஞ்சன் திரும்பினார், சிரித்தார். ஆனால் வலப்பக்கம் பார்த்து.

“ஐயோ, தப்பான பக்கம்மா. மறுபடி எழுதலாமா?”

யாழினி எழுந்து, நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்பப் போடு.”