இருநூற்று முப்பது

அவள் விரல் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்ச் மேல் இருந்தது.

அவர் அப்போதுதான் அதைக் கவனித்தார். ஆம்ப்ளிஃபயருக்குக் கீழே இருந்த பழைய சாம்பல் நிறப் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் புத்தம்புதிதாக ஒரு வெள்ளை ஸ்டெபிலைசர். அதன் நெற்றியில் சிவப்பாக 230.

நெஞ்சு திக்கென்றது.

திக்கென்று ஆகக் கூடாது என்றுதான் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். ரத்தக் குழாயில் ஸ்டென்ட். மணிக்கட்டில் பிளாஸ்திரி. கத்தக் கூடாது, கோபப்படக் கூடாது, எழுந்து ஓடக் கூடாது. வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வாய் காபி கூடக் குடிக்கவில்லை.

நாற்காலிக்கும் சுவிட்சுக்கும் ஆறடி.

அந்த ஆம்ப்ளிஃபயர் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அங்கே மச்சான் இருந்த இடத்தில் 110 வோல்ட். இங்கே சுவரில் 230. சாம்பல் பெட்டிதான் நடுவில் நின்று 230ஐ 110ஆக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அந்தப் பெட்டியே வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் உண்டு. அதை 230 பக்கம் தள்ளிவிட்டு நேரே சுவரில் சொருகலாம். அவர் தள்ளவில்லை. 110இல்தான் பாட்டு குழைந்து வருகிறது என்பது அவர் கட்சி. யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அந்தத் தள்ளு சுவிட்ச் நகர்ந்துவிடாமலிருக்க மேலே டேப் வேறு ஒட்டியிருந்தார்.

110இல் வைத்த ஆம்ப்ளிஃபயருக்குள் 230 போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவிக்கும் தெரியும். ஒருமுறை அவள்தான் செய்தாள்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் சாமான்களை எல்லாம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். வந்த விருந்தாளிகளுக்குப் பாட்டுப் போடலாம் என்று ஆசையாக அவள் ஒயரை எடுத்து நேரே சுவரில் சொருகினாள். ஒரு பொறி. புகை. கருகிய வாடை.

அத்தனை பேர் முன்னால் அவர் கத்தினார்.

"இனிமே இதும்மேல கை வச்சே, பாத்துக்க!"

அவள் வைக்கவில்லை. அன்றோடு சரி. வீடு முழுக்க அவள் பெருக்குவாள். அந்த மூலையில் நான்கடியை மட்டும் அவர் பெருக்குவார். சாயங்காலம் அவர் பாட்டுக் கேட்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சமாதானம் என்றும் சொல்ல முடியாது.

ஆம்ப்ளிஃபயரை நான்கு மாதம் அலைந்து சரிசெய்தார். மற்றதைச் சரிசெய்ய அவர் எங்கேயும் அலையவில்லை.

இப்போது அவளாக வந்து கை வைத்திருக்கிறாள். சிரிக்கிறாள்.

'நிறுத்து' என்று தொண்டை வரை வந்துவிட்டது. அது எந்தக் குரலில் வெளியே வரும் என்றும் அவருக்குத் தெரியும். விழுங்கினார்.

"செண்பகம்." மெதுவாகத்தான் கூப்பிட்டார். "பழைய பெட்டி எங்க?"

"அன்னிக்கு நீங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெளம்புனப்ப அத அணைக்கவே இல்ல. ரெண்டு நாளா உர்ருன்னு எரைஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. தொட்டா சுடுது. கடையில குடுத்துட்டு இத வாங்கிட்டேன். வந்ததும் நீங்க பாட்டுக் கேக்கணுமில்ல?"

"பின்னாடி..."

"தள்ளிட்டேன். டேப்பப் பிச்சு, 230 பக்கம் தள்ளி வச்சிருக்கேன். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கறுப்புப் பலகையில் கறுப்புச் சுவிட்ச். எறும்பு அளவு எண்கள். அவளோ பஸ் நம்பரையே மாற்றிப் படிக்கிறவள். இத்தனை வருஷம் நகராத சுவிட்ச் பாதியில் நின்றிருந்தால்?

ஒருதடவை பார்த்துவிட்டால் போதும். எழுந்து, நடந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தால் முடிந்தது. யாரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

அவர் கைகள் நாற்காலியின் பிடியில் ஊன்றின.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. சுவிட்சிலிருந்து விரல் நூலளவு எழும்பியது.

அந்த விரல் முழுசாக எழும்பிவிட்டால் இனி ஒருநாளும் திரும்பி வராது. எந்த டாக்டரும் சொல்லாமலே அவருக்கு இது விளங்கியது.

பயமாக இருந்தது. ஆம்ப்ளிஃபயர் போய்விடுமே என்று பயம். அவள் திரும்ப அடுப்படிக்குப் போய்விடுவாளே என்று அதைவிடப் பயம்.

கையைத் தளர்த்தினார். சாய்ந்து உட்கார்ந்தார்.

"போடு."

"பின்னாடி பாக்கலியா?"

"நீதான் பாத்துட்டியே."

அவள் அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தால், மூன்று எண்ணி முடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் பாட்டு. தினமும் சாயங்காலம் அவர் மனசுக்குள் எண்ணுவார். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஒன்று.

மூச்சை இழுத்துப் பார்த்தார். கருகல் வாடையா? இல்லை, அடுப்படியில் காபி.

இரண்டு.

அவளைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். உதடு அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார்.

சாமியைக் கூப்பிடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷம், அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு.

மூன்றை அவர் எண்ணவில்லை. அவளுக்கு விட்டுவிட்டார்.