கந்தப்பனின் இடுப்பு

“ஐயோ சாமி, செத்தேன்” என்று கந்தப்பன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கோழி வேலி தாண்டி ஓடியது.

“இன்னும் நா காலே வெக்கலீங்க” என்றாள் அவர் மனைவி சௌந்திரம்.

கந்தப்பன் பாயில் குப்புறக் கிடந்தார். சௌந்திரம் அவருக்கு மேலே, உத்தரத்தில் கட்டிய கிணற்றுக் கயிற்றை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் பக்கத்து வீட்டு சுப்பம்மாள் தலைமையில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். யுத்தத்தினால் நூல் வராமல் ராசிபுரத்துத் தறிகளெல்லாம் சும்மா கிடந்த சமயம். தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

அவர்களுக்கு வேடிக்கை, சௌந்திரத்துக்கு வேண்டுதல் கவலை. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தால், புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழந்தையை மாறி மாறி இடுப்பில் சுமந்து வையப்பமலை ஏறி, தைப்பூசத்தன்று முடி இறக்குவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டவள் அவள்தான். குழந்தை சின்னாயிக்கு இப்போது மூன்று வயது.

முதல் தைப்பூசத்துக்கு எருமை கன்று போடும் நேரம் என்று சௌந்திரம் தள்ளிப் போட்டாள். அடுத்த பூசத்துக்குத் தறியில் பாவு பாதியில் நிற்கிறது என்றாள். இந்தப் பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கந்தப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். சின்னாயி மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனாள்.

சுளுக்கு எடுப்பதில் பேர்போன உசேன் பாயைக் கூட்டி வந்தார்கள். அவர் கந்தப்பனின் முதுகை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தார்.

“தோலுக்கும் சதைக்கும் நடுவுல ஒரு சவ்வு இருக்குதுங்க. அது கஞ்சி போட்ட பாவு நூலாட்டம் வெறச்சுப் போச்சு. இழுத்து இழுத்துத்தான் எளக்கோணும்” என்றார்.

“நீங்களே இழுத்து உடுங்க பாய்.”

“இது என் கையில இல்ல அம்மிணி, உங்க கால்ல இருக்குது. ஆனா மிதிச்சுப் போடாதீங்க. உங்க பாரம் பூராக் கயித்துல தொங்கோணும். உள்ளங்கால் மொதுகுல பட்டும் படாம நூறு எண்ணோணும். காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு.”

நிலைப்படியைப் பிடித்து மெல்ல எழுந்த சௌந்திரம், “அவ்வளவுதானுங்களா?” என்றாள்.

“தொங்கறதுக்கு உங்களுக்கு ஒடம்புல நோவு ஏதும் இல்லீங்களே?”

“எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன். இவரப் பாருங்க, பாவம்.”

அன்று தொடங்கியது கூத்து. சௌந்திரம் கயிற்றில் தொங்குவாள், கந்தப்பன் அலறுவார், வாசலில் நிற்கும் கூட்டம் ஒன்று இரண்டு என்று கோரஸாக எண்ணும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு சுப்பம்மாளுக்கு எப்போதும் எண்பதுதான் வரும். மறுபடி எண்பத்தொன்பது வரை சௌந்திரம் தொங்கியாக வேண்டும்.

முதல் வாரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். மூன்றாவது வாரம் தொங்கிக்கொண்டே சுப்பம்மாளைக் கேலி செய்தாள். ஐந்தாவது வாரம் சின்னாயியும் அவள் காலைக் கட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆடினாள். கந்தப்பனுக்குத்தான் அரிசி அளவும் குணமில்லை. போகப் போகக் கத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை.

“கத்தாதீங்க, வெக்கமா இருக்குது” என்பாள் சௌந்திரம்.

“வலிக்குது புள்ள. இன்னொரு நூறு தொங்கிப் பாரு” என்பார் அவர்.

பூசத்துக்கு முந்தின நாள் உசேன் பாய் வந்தார். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

“தொண்ட காயுது அம்மிணி. கெணத்துல புதுத் தண்ணியா சேந்திக் கொண்டாங்க.”

சௌந்திரம் ஒரு இடுப்பில் சின்னாயியும் மறு இடுப்பில் நிறைகுடமுமாக நான்கு படியும் தடதடவென்று ஏறி வந்தாள். குடத்தைக் குனிந்து இறக்கி, சொம்பில் மொண்டு அவரிடம் நீட்டினாள். சொல்ல வந்த பேச்சு அழுகையாக வந்தது.

“பாய், நாளைக்குப் பூசமுங்க. ஒரு நா விடாமத் தொங்குனேன். இவரு அசையக் காணோம். இந்த வருசமும் மலை ஏறலீன்னா அந்த முருகன் மூஞ்சில நா எப்பிடி முழிப்பேன்?”

உசேன் பாய் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். சொம்பை வைத்துவிட்டு, குப்புறக் கிடந்த கந்தப்பனின் முதுகில் பளீரென்று ஒரு தட்டுத் தட்டினார்.

“எந்திரிங்கண்ணா, நடிச்சது போதும். அம்மிணிக்கு இடுப்பு நோவு போயிருச்சு.”