கடைசிச் சொல்

"புள்ளைகள எண்ணிட்டீங்களா டீச்சர்?" வேனைக் கிளப்பிக்கொண்டே கேட்டார் முத்துப்பாண்டி.

"எங்க யூத வழக்கத்துல ஆளுகள எண்ண மாட்டோம்ணே. வேத வசனத்துல ஆளுக்கொரு சொல் சொல்லணும். கடைசிச் சொல் வந்துட்டா எல்லாரும் வந்தாச்சு" என்றாள் எஸ்தர்.

ஞாயிறு வேதவகுப்பின் சுற்றுலா முடிந்து, யானைமலை அடிவாரம் இருட்டத் தொடங்கியிருந்தது. எபிரேயச் சொற்கள் வரிசையாக ஒலித்தன. கடைசிச் சொல் எப்போதும் லேயாவுடையது. "ஹாஓலாம்." பின் சீட்டிலிருந்து கணீரென்று வந்தது. என்றென்றைக்கும் என்று அர்த்தம்.

"போலாம்ணே."

ஒத்தக்கடையை நெருங்கும்போது எஸ்தரின் செல்போன் அடித்தது. மறுமுனையில் அழுகை.

"டீச்சர், நான் லேயா. டீக்கடை மாமா போன்ல பேசுறேன். என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, வேனில் இருந்த பிள்ளைகளை வசனத்தை மறுபடி சொல்லச் சொன்னாள்.

கடைசிச் சொல்லும் வந்தது. இந்த முறை அவள் காதருகில்.