பார்த்தால் தெரியவில்லையாம்

மூன்று பேருந்து மாறி வந்த அம்மாவும் ஐந்து வயது மகளும் நல உதவி அதிகாரியின் மேசை முன்னால் நிற்கிறார்கள். ஜன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டு அவர் வழுக்கையில் மினுங்குகிறது. மகள் அவருடைய ரப்பர் முத்திரைகளை எடுத்து உயரத்தின்படி வரிசையாக அடுக்குகிறாள். “உன் பேரென்ன பாப்பா?” அவள் நிமிரவே இல்லை. “பாத்தா நல்லாத்தானே இருக்கா. நீங்கதான் செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க” என்று தீர்ப்புச் சொல்கிறார், வணிகவியல் படித்தவர். “ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் உதவித்தொகை, பயிற்சி எல்லாம்.” “டாக்டர் எப்ப சார் வருவார்?” “இந்தப் பக்கம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. போன மாசம்தான் வந்துட்டுப் போனார்.” “ஆறு வயசுக்குள்ளதான் பயிற்சின்னு சுவத்துல ஒட்டியிருக்கே சார்.” தன் தலைக்கு மேலிருக்கும் அறிவிப்பை அவர் திரும்பி, முதன்முறையாகப் படிக்கிறார். கொட்டாவி வருகிறது. “அதுக்குள்ள தானா சரியாயிடும்மா” என்றபடி, வரிசையின் நடுவிலிருந்து ஒரு முத்திரையை உருவி மனுவில் குத்துகிறார்: தகுதியில்லை. மகள் அலறுகிறாள். தலையை மேசையில் மோதப் போகிறவளை அம்மா இழுத்து அணைக்கிறாள், அலறல் நிற்கவில்லை. அதிகாரி காதைப் பொத்திக்கொள்கிறார். “முதல்ல வெளியே கூட்டிட்டுப் போங்க.” அம்மா அவளை மடியில் இறுக்கிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்கிறாள். “எழுதுங்க சார். இப்பப் பாத்தீங்கல்ல, அதை எழுதுங்க.”