சுந்தரபாண்டியத்து ரசிகை

கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். பேண்டேஜ் துணிக் குடோனில், துணிப் பேல் கட்டின் மேல் கால் தொங்கப்போட்டு வாசுதேவ். டிரம்ஸ் ஸ்டூலில் பாண்டிசெல்வி. ஸ்பீக்கர் பெட்டி மேல், நோட்டும் பேனாவுமாகச் செயலாளர் ஜெபக்குமார்.

மொத்தக் குழுவே அவ்வளவுதான்.

‘மூணாவது ஷிப்ட்’ இராஜபாளையத்தின் தலைசிறந்த பவர் பாப் குழு. வேறு குழு கிடையாது. வேகமான கிட்டார், கூட்டமே சேர்ந்து பாடும்படி ஒரு பல்லவி. கூட்டம் சேர்ந்து பாடியதில்லை.

பதினோரு மாதத்தில் இரண்டு மேடை.

முதலாவது, பேண்டேஜ் கம்பெனி ஆயுதபூஜை. அங்கே பஞ்சுக்கா குறைச்சல்? இரண்டாவது பாட்டுக்குள் முன்வரிசை முழுக்கக் காதில் பஞ்சு.

அடுத்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வரவேற்பு. முதல் பாட்டிலேயே பெண்ணின் மாமா மேடையேறி, “மொதல்ல சாப்ட்ருங்க தம்பி, பந்தி போட்டாச்சு” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இரண்டு முறையும் குழுவைக் கலைக்கத்தான் பேசினார்கள். இரண்டு முறையும் மூன்றாம் நாள் சுந்தரபாண்டியத்திலிருந்து அரவிந்தவல்லி என்ற ரசிகையின் கடிதம் வந்து காப்பாற்றியது. பேஸ் கிட்டாருக்கு மட்டும் தனிப் பத்தி ஒதுக்கிப் பாராட்டியிருந்தாள்.

பேஸ் கிட்டார் ஜெபக்குமார்.

இப்போது வாசுதேவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது.

“இன்னும் ஒரே ஒரு மேடைடா. அந்தப் புள்ளைக்காகவாவது,” என்று கெஞ்சினான் ஜெபக்குமார்.

“ஏலே, அந்தப் புள்ளைக்கு ஒரு பதிலப் போட்டுருவோம். எம்புட்டு ஆசையா எழுதுச்சு,” என்றாள் பாண்டிசெல்வி.

ஜெபக்குமாரால் தட்ட முடியவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை மாறாமல் எழுதினான். பொருள்: குழு கலைப்பு தொடர்பாக. ‘தங்கள் கடிதங்களால்தான் இதுவரை தாக்குப்பிடித்தோம்’ என்ற வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பொய்யில்லாத வரி அது ஒன்றுதான்.

உறைக்குள் வைத்து ஒட்டினான்.

“கொண்டா, விலாசம் நான் எழுதுதேன்.”

பாண்டிசெல்வி வாங்கிக்கொண்டாள். விலாசம் என்ன என்று கேட்கவில்லை.

அரவிந்தவல்லி என்ற பெயருக்குக் கீழே, ஜெபக்குமாரின் வீட்டுக் கதவு எண்ணும் தெருவும் எழுதினாள்.

வாசுதேவ் அதைப் பார்த்தான். சிரிக்காமல் ஸ்டாம்பை ஒட்டினான். “லெட்டர் போடுறதுக்குன்னு இனிமே சுந்தரபாண்டியத்துக்கு பஸ் ஏறி அலையாதடா.”

தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் இருவரும் கூடவே வந்தார்கள்.

ஜெபக்குமார் உறையை உள்ளே விட்டான். சரியாக விழுந்ததா என்று பெட்டியை ஒருமுறை தட்டியும் பார்த்தான்.