கசற்றில் வந்த கார்

"நிப்பாட்டாதையும் தம்பி! பின்னுக்குச் சுத்தி இன்னொருக்காப் போடும்!"

மஹ்றூப் றேடியோப் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு கத்தினார். வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் இருந்த அவருடைய உதிரிப்பாகக் கடையில், கிறிஸ்ரி கொண்டுவந்த கசற் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாட்டு இல்லை. ஒரு மொறிஸ் மைனர் காரின் என்ஜின் சத்தம் மட்டுமே இருந்தது.

காரைக் கொண்டுவர வழியில்லை. அது சண்டையால் மூடிக் கிடந்த பாதைக்கு அந்தப் பக்கம், உடையார்கட்டில் நின்றது. இந்தப் பக்கம் வந்துபோகக் கிறிஸ்ரிக்குக் கிடைத்த அனுமதி மூன்று நாள் பாஸ் மட்டுமே. அதனால் சத்தத்தைப் பதிந்து எடுத்து வந்திருந்தான்.

"ரவுணில பெரிய கடையள் இருக்க, இஞ்ச மட்டும் ஏன் தேடி வந்தனீர்?"

"நானாட காது நல்லதெண்டு சொன்னவை," என்றான் கிறிஸ்ரி, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில்.

"ஆர் சொன்னது? என்ர மனுசி கேட்டாச் சிரிப்பா. அவ கூப்பிடுறதே எனக்குக் கேக்கிறதில்லை."

மேசையில் மூன்று கருவிகள் இருந்தன: மீற்றர், பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பார்க்கும் ரைமிங் லைற், சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கொம்பிரஷன் கேஜ். சோதனைச் சாவடியில் ஒன்றைத்தான் கொண்டுபோக விடுவார்கள். பிழையானதைத் தெரிந்தெடுத்தால், மாற்றுவதற்கு இன்னொரு பாஸ் எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

"ஏன் தம்பி இவ்வளவு அவசரம்? கலியாணமோ?"

"நத்தார்ப் பண்டிகையோட சண்டை நிண்டிட்டுது. பாதை திறக்கப் போகுதாம். திறக்கிற அண்டைக்கே இந்தக் கார் தன்ர சில்லில வவுனியாவுக்கு வரவேணும், நானா."

"மைனர் எண்டாச் சரி! எனக்கு அது ஒரு பைத்தியம். சொல்லும், புகை என்ன நிறம்?"

கிறிஸ்ரி தன்னுடைய பின்னேர மோட்டார் வகுப்புக் கொப்பியை விரித்தான். முதல் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்தான்.

"நீலம். காபரேற்றருக்குள்ள ரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டா எழும்பும். பிறகு மண்ணெண்ணெயில ஓடும். ஏத்தம் வந்தா இழுக்காது."

"கேளும், கேளும்! ஏறுது, இறங்குது, மூச்சு வாங்குது. ரைமிங் பிழை! ரைமிங் லைற்றைக் கொண்டுபோம்."

அவர் அதைத் தாளில் சுற்றத் தொடங்கிவிட்டார். கிறிஸ்ரி கொப்பியைப் பார்த்தான், கசற்றைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"நானா, எனக்கொரு சந்தேகம். பிழையாயும் இருக்கலாம்."

"சொல்லும்."

"எங்கட பக்கம் பெற்றறி இல்லை. இதைப் பதியேக்க தங்கச்சி கலிஸ்ரா சைக்கிள் மிதிச்சு, டைனமோவாலதான் றெக்கோடர் ஓடினது. அவள் களைச்சா றெக்கோடர் மெதுவாச் சுத்தும். இஞ்ச போடேக்க அந்த இடம் வேகமாக் கேக்கும்."

"அதுக்கு?"

"மூச்சு வாங்கினது என்ஜினோ, கலிஸ்ராவோ எண்டு எனக்குத் தெரியேல்ல."

மஹ்றூப் சுற்றுவதை நிறுத்தினார். கசற் கடைசி வரை ஓடியது. முடிவில் எலிக்குஞ்சு கீச்சிடுவது போல ஒரு குரல் வந்தது: "அண்ணா, இவ்வளவு காணுமே? என்ர கால் கழண்டு போச்சு!"

"அல்லாவே!" மஹ்றூப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உம்மட தங்கச்சிக்கெல்லோ ரைமிங் வைக்கப் பாத்தனான்!"

மறுபடியும் கேட்டார். இந்த முறை ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, விரலால் மேசையில் தாளம் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரல் ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே விழுந்தது.

"பிடிச்சிட்டன்! நாலு சிலிண்டரில ஒண்டு சோந்து போச்சு. மண்ணெண்ணெய் செய்த வேலை. இந்தாரும், கொம்பிரஷன் கேஜ். பிளக்கைக் கழட்டிப்போட்டு இதை வச்சு அமத்தம் பாரும். குறைஞ்சா, அந்த ஓட்டைக்குள்ள ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாரும். ஏறினா பிஸ்ரன் றிங்ஸ் போச்சு. ஏறாட்டி வால்வு."

கிறிஸ்ரி எல்லாவற்றையும் எழுதினான். "றிங்ஸ் எண்டா ஓடுமே நானா?"

"மாத்தினா ஓடும்."

"வால்வெண்டா?"

"அதுவும் ஓடும்!"

"உறுதியாச் சொல்லுறியளோ?"

"தம்பி, உம்மட காரை நான் காணேல்ல. ஆனா அதின்ர இருதயம் நல்ல இருதயம். ஓடும் எண்டா ஓடும்!"

கிறிஸ்ரியின் முகம் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. கேஜைக் கையில் எடுத்து, முள் ஆடுகிறதா என்று பார்த்தான்.

"கடைக் கடிதம் இல்லாட்டிச் சாவடியில விடமாட்டாங்கள்," என்றபடி மஹ்றூப் தாளை எடுத்தார். "கருவி ஒரு காருக்கெண்டு எழுதவேணும். கார்ச் சொந்தக்காரர்ர பேர்?"

"மஹ்றூப்."

"என்ர பேர் கடை முத்திரையில கிடக்குது தம்பி. நான் கேட்டது சொந்தக்காரர்ர பேர்."

"அதைத்தான் நானா சொன்னனான். நீங்கள் என்னைச் சின்னனில கண்டது, மறந்திருப்பியள். ஓடுமெண்டு தெரியாமச் சொல்ல வெக்கமா இருந்தது."

கிறிஸ்ரி கொப்பியின் முதல் பக்கத்தை விரித்து அவர் பக்கம் திருப்பினான். தகப்பன் யோசெப்பின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "கார் இலக்கம் 1 ஸ்ரீ 6318. 1990 ஐப்பசி, முஸ்லிம் சனத்தை வெளியேத்தினதால எங்கட பக்கத்து வீட்டு மஹ்றூப் முல்லைத்தீவை விட்டுப் போகேக்க எங்கட வளவில விட்ட கார். நாங்கள் இடம்பெயரேக்க உடையார்கட்டுக்கு மாடு கட்டி இழுத்தது. பாதை திறந்தவுடனை ஓடிக்கொண்டுபோய்க் குடுக்கிறது."